‘அவர் இல்ல’

2024 ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை காலை, கிண்ணியாவைச் சேர்ந்த முப்பத்தாறு வயது ரிஸ்லா விதவையானார். அந்த நேரத்தில் அவருடைய கணவர் நஸ்ரி கட்டாரில் ஒரு கட்டடத்தின் கூரையில் நின்று ஏசி பூட்டிக்கொண்டிருந்தார்.

அவரை விதவையாக்கியது பேஸ்புக்கில் வந்த ஒரு வீடியோ.

ரிஸ்லா பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குபவர். பள்ளிவாசலுக்குச் சொந்தமான வெறுங்காணி ஒன்றில் சனிக்கிழமைகளில் வகுப்பு. அபாயா சக்கரத்தில் சிக்காமல் எப்படிச் செருகிக்கொள்வது என்பதுதான் முதல் பாடம். கடைசிப் பாடம் கிண்ணியாப் பாலம். அங்கே காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். இரண்டுக்கும் கை நடுங்காமல் அக்கரை போய்த் திரும்பினால், அந்தப் பெண் லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் ட்ரையலுக்குத் திருகோணமலை போகலாம்.

இதைப் படமெடுக்க வந்தவர் இராகுலன். திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு பேஸ்புக்கில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறார். கமராவைப் பிடித்தபடி கேட்டார்:

“ஹஸ்பன்ட் என்ன செய்யிறார் அக்கா?”

“அவர் இல்ல” என்றார் ரிஸ்லா. அதே மூச்சில் திரும்பி, “புள்ள, முன் பிறேக்கை விடு, விழப்போறாய்!” என்று கத்தினார். விழ இருந்தவர் ஜுமானா, ஆரம்பப் பாடசாலை ஆசிரியை.

கிண்ணியாவில் வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால் பாதி வீடுகளில் இருந்து வரும் பதில் அதுதான். அவர் இல்ல. சவூதியில், கட்டாரில், குவைத்தில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். யாரும் அதற்குமேல் விளக்கம் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. ஓர்ஸ் ஹில்லில் அதே இரண்டு சொல்லுக்கு வேறு அர்த்தம். இராகுலன் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போய் வீடியோவுக்குப் பின்னால் வயலின் போட்டார். ‘கணவனை இழந்தும் கலங்காத கிண்ணியாப் பெண்’ என்று தலைப்பு வைத்தார்.

மதியத்துக்குள் பாராட்டு குவிந்தது. இரும்புப் பெண் என்றார்கள், முஸ்லிம் உம்மத்தின் பெருமை என்றார்கள். கணவர் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவை இவர் சரியாக முடித்தாரா என்று ஒருவர் கேட்டார். ‘முடிச்சிருப்பா, முகத்தப் பார்த்தாலே தெரியுது’ என்று இன்னொருவர் பதில் போட்டார்.

மாமியார் நஜ்முன் நிஸாவுக்கு பேஸ்புக் கிடையாது. மூதூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் சாவு விழுந்த மையித்து வீட்டுக்குச் சோறு கொண்டு வந்து இறக்கியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. சட்டியைப் பார்த்தார். வந்தவரின் கண்ணீரைப் பார்த்தார்.

“என்ட மகனா மௌத்து? நேத்து இரவு என்னோட வீடியோ கோல்ல கதைச்சவன். உயிரோட இருக்கிறவனுக்கு ஆக்கின சோத்த நீங்களே கொண்டு போங்க!”

அன்று மாலை நஸ்ரியே அழைத்தார்.

“ரிஸ்லா, நான் மௌத்தாம். இஞ்ச உள்ள ஊர்ப் பொடியன்மார் ஸலாம் சொல்லிச் சிரிக்கிறானுகள். சுப்பர்வைசருக்கும் சொல்லிப்போட்டன். அப்பிடியெண்டாலும் நாளைக்கு வேலைக்கு வா எண்டுறான்.”

ரிஸ்லாவும் சிரித்தார். ஆனால் அந்த வாரம் நடந்ததைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஸைனுலாப்தீன் ஹாஜியார் இருக்கிறார். றோட்டுப் பக்கம் பார்த்த காணியில் பெண்பிள்ளைகள் ஓட்டிப் பழகுவது அவருக்குப் பிடிக்காது. சனிக்கிழமையை மட்டும், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு தந்தவர். அவர் இப்போது ஆள் அனுப்பினார்: ஞாயிறும் பழக்கலாம், வழியில்லாத பிள்ளை, யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. அடுத்த வகுப்புக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குப் பேர் வந்தார்கள். மனைவிமாரைக் கணவன்மாரே கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் சொன்னார்: “அந்த ராத்தாவுக்கு உதவியா இருக்கட்டும்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் காணி இருக்கும், மாணவிகள் இருப்பார்கள், நல்ல பெயரும் இருக்கும். வாயைத் திறந்தால் எது மிஞ்சும் என்று தெரியாது. ரிஸ்லா இரண்டு நாள் யோசித்தார். பிறகு இராகுலனை அழைத்தார்.

“தம்பி, அவர் கட்டார்ல இருக்கிறார். நான் சொன்னது அதத்தான்.”

மறுமுனையில் இராகுலன் பதறினார்.

“ஐயோ அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா... விடுங்கோவன். சனம் உங்களைத் தலையில தூக்கி வச்சிருக்குது.”

“என்னையா தூக்கி வச்சிருக்கு? என்ட புருஷன்ட மையித்தத்தானே.”

“அப்ப திருத்திப் போடுவம். இந்த வேலைக்கு ஏன் வந்தனீங்கள்? ஒரு கஷ்டம், ஒரு சம்பவம், ஏதாவது?”

“எனக்குப் பிடிக்கும்.”

“அதில்ல அக்கா, காரணம்.”

“அதுதான் தம்பி காரணம்.”

பதினெட்டு வயதில் கூடப்பிறந்த நானாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆளில்லாத வயல் வரம்பில் ஓடியவர் ரிஸ்லா. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தவர் நஸ்ரி. வீட்டில் குறையொன்றும் இல்லை. பிள்ளைகள் பாடசாலை போகிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு பெண் முதல்தடவையாக இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கும்போது கத்தும் அந்தச் சத்தத்தைக் கேட்பது தனக்குப் பிடிக்கும் என்கிறார். “எல்லாரும் என்னட்ட ஒரு கஷ்டம் கேக்கிறாங்க. இருந்தாச் சொல்லமாட்டனா?”

இராகுலன் சொன்னபடி திருத்தம் போட்டார். அதே வீடியோ, அதே அபாயா, அதே பாலம். வயலினை மட்டும் எடுத்துவிட்டார். தலைப்பு: ‘கணவர் கட்டாரில், மனைவி வீதியில்: உண்மை இதுதான்!’

முதல் வீடியோவைவிட இது வேகமாக ஓடியது. புருஷன் வெயிலில் காய, இவ காற்று வாங்குறா என்றார்கள். என்ன குறைச்சலாம் என்றார்கள். முதலில் முகத்தைப் பார்த்தே இத்தா முடித்ததைக் கண்டுபிடித்தவர், இப்போது அதே முகத்தில் திமிரைக் கண்டுபிடித்தார்.

ஹாஜியார் ஆள் அனுப்பவில்லை, நேரில் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். ஞாயிறும் இல்லை, சனியும் இல்லை.

“வழியில்லாத ஆளெண்டுதான் மகள் ஞாயிறையும் குடுத்தம். நாளைக்குச் சனம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“அப்ப அவர் மௌத்தானாத்தான் நான் ஓட்டலாமா, ஹாஜியார்?”

“அஸ்தஃபிருல்லாஹ்! நான் அப்பிடிச் சொல்லல்ல.”

“வேற எப்பிடிச் சொன்னீங்க?”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

குசினிக்குள் இருந்து நஜ்முன் நிஸா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் ஸ்கூட்டர் ஓட்டுவது பற்றி இத்தனை வருடத்தில் அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“பின் வளவுல தென்னைக்கு நடுவுல இடம் கிடக்கு” என்றார்.

“அது குருமணல் மாமி. டயர் புதையும். ஏலாது.”

“கிடுகு போட்டா ஏலும்.”

ரிஸ்லா திரும்பிப் பார்த்தார். மாமியார் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்ட புள்ளய மௌத்தாவே விட்டிருந்தா உனக்கு நல்ல பேரு. நீ விடல்ல. அது காணும் எனக்கு. ஆனா தென்னம்புள்ளையில கொண்டு மோதினாளுகள் எண்டா உன்னத்தான் கேப்பன்.”

தென்னோலைக் கிடுகு விரித்தார்கள். முதல் சனிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். ஒருவர் ஜுமானா. கிடுகு வழுக்கி அவர் நேரே போய்த் தென்னம்பிள்ளையில்தான் மோதினார். கன்றுக்கு ஒன்றுமில்லை, மட்கார்ட் நசுங்கியது. “வாத்திச்சி, நீங்களா புள்ளைகளுக்கு றோட்டுச் சட்டம் படிப்பிக்கிறது?” என்று நஜ்முன் நிஸா கதிரையில் இருந்தபடி கேட்டார்.

எட்டுப் போடுவதற்கு அந்த வளவு காணாது. அதை ரிஸ்லா இப்போது பாலத்துக்கு அப்பால், வாகனம் குறைந்த ஒரு பக்கவீதியில் விடிந்ததும் பழக்குகிறார். முதல் வீடியோவைப் பார்த்து வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. இரண்டு வீடியோவும் இன்னும் இருக்கின்றன. முதலாவதை இராகுலன் அழிக்கவில்லை. அதில்தான் விருப்பக்குறி அதிகம்.

ஜுமானாவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை திருகோணமலையில் ட்ரையல்.