பெட்டிக்குள் ஓர் ஆடு

போன வாரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மஞ்சள் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். தேக்குப் பலகைப் பெட்டி. முன்பக்கம் இரண்டு மூக்குக்கண்ணாடிச் சில்லுகள். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இரண்டு போட்டோக்கள். அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன், எங்கள் நைனா ஒருவருக்காகவே செய்தது.

நைனாவுக்கு மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்தால் நேரே கோட்டை இருக்கும் ராஜகிரி மலை உச்சிதான். கூட யாரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார்; எங்கள் அம்மா தொல்லை இல்லாத ஒரே இடம் அது என்பார். கடை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததும் எல்லாம் நின்றுபோனது. வாசலுக்கு வரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சிடுசிடுப்பார் என்று நினைத்தோம். அவரோ பேச்சையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அவர் போவ முடியலன்னா இன்னா? மலைய நான் இங்க கொண்டாறேன்" என்றார் அண்ணன்.

விஷயம் இதுதான். நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. இரண்டையும் மூளை சேர்த்துவைக்கும்போதுதான் பக்கமும் தூரமும் பளிச்சென்று பிரிகின்றன. ஆகவே அண்ணன் மலையை ஒரு படம் எடுத்தார். காமிராவை ஒரு முழம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தார். பெட்டி வழியாக இடது கண் ஒன்றையும் வலது கண் மற்றதையும் பார்த்தால், மலை எழுந்து நிற்க வேண்டும்.

முதல் தடவை அவசரத்தில் படங்களை இடவலம் மாற்றி ஒட்டிவிட்டார். கிட்டே இருந்த கோட்டை மதில் தூரப் போயிற்று, தூரத்து மலை அதற்கு முன்னால் வந்து இடித்தது. எனக்குத் தலை சுற்றியது. நைனா மட்டும் பார்த்துவிட்டு, "ஜோரா நிக்குதுடா!" என்றார். மாசக்கணக்கில் பேசாத மனிதர் பேசிவிட்டார் என்ற பூரிப்பில் நாங்கள் வேறெதையும் யோசிக்கவில்லை.

சரியாக மாற்றி ஒட்டிய பிறகு முதலில் பார்த்தது அம்மா. "ஐயே, ஆடு இருக்குது! இல்ல, காணோம்! தோ, வந்துட்டுது!" இடது படத்தில் மதில்மேல் ஓர் ஆடு நின்றிருந்தது. அண்ணன் காமிராவை நகர்த்துவதற்குள் அது குதித்துப் போய்விட்டதால் வலது படத்தில் வெறும் மதில். ஒரு கண் ஆடு என்கிறது, மறு கண் இல்லை என்கிறது. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் மாறி மாறி ஜெயிக்கின்றன. மதில்மேல் பூனை கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் மதில்மேல் ஆட்டைப் பார்க்கப் பாதிக் கடைத்தெருவே வந்தது.

நைனா பெட்டியை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "மலை ஜோரா நிக்குது."

"ஆடு?" என்றாள் அம்மா.

"போன தபா இருந்திச்சி. இப்ப ஏது ஆடு?"

ஆடு இடது படத்தில்தானே என்று அண்ணன் யோசித்தார். பிறகு தன் கையால் நைனாவின் வலது கண்ணைப் பொத்தினார். "இப்ப இன்னா தெரீது?"

"ஒண்ணுந் தெரில. கைய எட்றா."

பத்து வயதில் கிட்டிப்புள் அடித்து இடது கண் போனதாம். வெளியே பார்த்தால் தெரியாது. சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று மறைத்தவர், அப்படியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "பொண்ணு பாக்க வந்தப்ப ஒத்தக் கண்ணாலயா பாத்தே?"

"அதுக்கே புடிச்சிப் போச்சி."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு மாத உழைப்பு. நைனாவுக்கு அது வெறும் தட்டைப் படம். "அப்புறம் ஏன் நைனா நிக்குதுன்னே?" என்றார்.

"நீ அவ்ளோ ஆசையா கொண்டாந்தே. வேற இன்னாடா சொல்லுவேன்? ஒத்தக் கண்ணாலதான் இத்தினி வருசம் ஏறினேன். மலை நின்னுக்கினுதான் இருந்தது."

நடந்துகொண்டே பார்ப்பவருக்கு ஒரு கண் போதும் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கிட்டே இருப்பது வேகமாக நகரும், தூரத்தில் இருப்பது மெல்ல நகரும். ஆழம் தானே தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறே நைனாவைக் குதிரை வண்டியில் தலையணை வைத்து உட்காரவைத்துக் கோட்டையைச் சுற்றிக் கூட்டிப்போனார். அதன் பிறகு எல்லா ஞாயிறும் வண்டிதான். அம்மாவும் ஏறிக்கொண்டதுதான் நைனாவுக்கு ஒரே குறை.

அந்தப் பெட்டியைத்தான் இந்த வயதில் புதுச் சில்லுகள் பதித்து, இரண்டு பஸ் மாறி எனக்குக் கொண்டுவந்திருக்கிறார். என் வலது கண்ணில் புரை முற்றி ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவார் என்று அவருக்குச் சொல்லவில்லை. பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, மலை நிக்குதா?"

"ஜோரா நிக்குதுண்ணா."

அவர் லேசில் விடுகிறவரா? "ஆடு?"

"வருது, போவுது, வருது" என்றேன்.

அண்ணன் திருப்தியாகக் காப்பி டம்ளரை எடுத்தார். பெட்டிக்குள் மலை தட்டையாகக் கிடந்தது. மதில்மேல் அந்த ஆடு, ஒரு தடவைகூட மறையாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.