இடைவேளையோடு எழுந்து போன விமர்சகர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. குவீன்ஸ்டவுனிலிருந்து ஸ்டெல்லா. என் ஆபீசில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசாத பெண்.

“அண்ணே, பேப்பர்ல சினிமா விமர்சனம் எழுதறாரே உங்க சிநேகிதர்... நிஜமாவே படத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதறாரா?”

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவின் அக்கா ரெஜினா, போன வருஷம் தன் சின்ன மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அதற்குப் பிறகு சர்ச், மார்க்கெட் தவிர எங்கும் போவதில்லை. தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

அப்போதுதான் அந்த விமர்சனம் வந்தது. ‘கவலை மறந்து சிரிக்கலாம். குடும்பத்தோடு போங்கள்.’ ஸ்டெல்லா படித்துக் காட்டியிருக்கிறார். “சரி, போலாம்” என்றிருக்கிறார் ரெஜினா.

சனிக்கிழமை மேட்னி. இடைவேளை வரை ரெஜினா சிரித்தாராம். ஸ்டெல்லா படத்தையே பார்க்கவில்லை... அக்கா சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் ஒரு குழந்தை செத்துப்போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில், தாயின் கதறல் — எல்லாம் விலாவாரியாக. ரெஜினா எழுந்து, இருட்டில் தடுமாறி வெளியே வந்துவிட்டார். ஸ்டெல்லாதான் டாக்சி பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஸ்டெல்லா போன் செய்த அன்று மத்தியானமே சிராங்கூன் ரோடு சாப்பாட்டுக் கடையில் விமர்சகரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அவரைப் படிக்கிறீர்கள்.

“அந்தக் குழந்தை சாகறதைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே?”

“எந்தக் குழந்தை?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவரோ நிதானமாகத் தேநீரை ஆற்றினார்.

“இடைவேளை வரைக்கும் பார்த்தேன்லா. அப்புறம் தெம்பனிஸ்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். முதல் பாதி ஃபுல்லா காமெடி. ரெண்டாவது பாதி இப்படித் திரும்பும்னு யாருக்குத் தெரியும்?”

உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேறென்ன சொல்வது?

“படக்காரங்க ஓசிப் பாஸ் குடுத்துக் கூப்பிடறாங்க. ரெண்டு நல்ல வார்த்தை எழுதறோம். சினிமாதானே, யாருக்கு என்ன நஷ்டம்?”

ரெஜினாவைப் பற்றிச் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே வருந்தினார்.

“அப்ப, பாதிப் படம் பார்த்துத்தான் எழுதினேன்னு இந்த வாரம் ஒரு வரி போடுங்க.”

“அதெப்படி? அப்புறம் நான் எழுதறதை யார் நம்புவாங்க?”

இவரிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்? கேமரா கோணம், திரைக்கதை நுணுக்கம் எல்லாம் நாம் கேட்கவில்லை. படம் முடியும்வரை நாற்காலியில் இருங்கள் — அவ்வளவுதான் கேட்கிறோம். கிடைக்கிற ஒரே லீவு நாளில், உங்கள் வார்த்தையை நம்பி, ஊர்க் கோடியில் இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து பஸ் மாறி மாறிப் பிள்ளைகளோடு வருகிறவர் இருக்கிறார். பாஸ் கொடுத்தவர் முகம் நினைவில் நிற்கிறது. டிக்கெட் வாங்குகிறவருக்கு முகமே இல்லையா?

எரிச்சலோடு வீடு வந்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஸ்டெல்லா. “அண்ணே, அக்கா கேக்கறாங்க... அந்தப் படத்துல வர்ற அம்மா கடைசியில என்ன ஆனாங்கன்னு.”

விமர்சகரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மறுநாள் சாயங்காலம் நானே டிக்கெட் வாங்கி, விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்து பார்த்தேன். பிறகு ரெஜினாவுக்குப் போன் போட்டேன்.

“திரும்பவும் தையல் வேலைக்குப் போறாங்க. கடைசி சீன்ல பஸ் ஸ்டாப்ல நிக்கிறாங்க. அவ்வளவுதாங்க.”

“சிரிக்கிறாங்களா?”

“இல்லைங்க. ஆனா பஸ் வந்ததும் ஏறிடறாங்க.”

 

“அப்ப நல்ல படம்தான்” என்றார் ரெஜினா.

அவரும் பாதிப் படம்தான் பார்த்தார். ஆனால் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொன்னார்.