ஆளுகிறவர்களுக்கான ஜெபம்

தாராவியில் எங்கள் சந்தில் கட்டர், அதாவது கழிவுநீர்க் கால்வாய், உடைந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் சாக்கடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தைக்கூட எப்படியோ சகித்துக்கொண்டேன். அதே வருஷம் எங்கள் கோயில் கமிட்டி அறையில் அடித்த நாற்றத்தைத்தான் இன்றுவரை சகிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்த அறையில் ஏசி உண்டு, வாசனை ஸ்பிரே உண்டு, சுவரில் இயேசுவின் படமும் உண்டு.

என் மகள் செய்தது இவ்வளவுதான். அவள் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வேலைக்குக் கிளம்பியவள், சந்து முனையில் நின்று போனில் வீடியோ எடுத்தாள். கீழே கறுப்புத் தண்ணீர். மேலே எங்கள் பகுதித் தலைவருடைய பிறந்தநாள் பேனர். "சாப், பேனர் கட்ட ஆள் வருது. கட்டரைப் பார்க்க மட்டும் ஏன் ஆள் வர்றதில்லை?" என்று இந்தியில் கேட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், அன்றைக்குச் சொல்லவில்லை.

பேட்டை முழுக்க சாப் என்று அழைக்கும் அந்த மனிதர் போலீசுக்குப் போகவில்லை. அவர் விவரமானவர். எங்கள் கோயிலுக்கு ஆள் அனுப்பினார். கோயிலுக்கு மேல்மாடி கட்ட அவருடைய சிபாரிசுக்காகக் கமிட்டி நடையாய் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

அப்போது மகளுக்கு உல்லாஸ்நகர் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்லக் காரணம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பதுதான் ஓலை. அது வாசிக்காமல் ஐயர் கல்யாணத்தை நடத்தமாட்டார். போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம். முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு அறிவிப்பெல்லாம் வாசித்தார், எங்கள் ஓலையை வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்கப் போன என்னையும் மகளையும் கமிட்டி அறையில் உட்காரவைத்தார்கள்.

"அதிகாரத்துல இருக்கவங்கள ஆண்டவர்தாம்மா வச்சிருக்காரு. அவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு வேதமே சொல்லுது. ஒங்க மக வீதியில நின்னு அவரை அவமானப்படுத்தலாமா?" என்றார் ஐயர்.

நான் வாயைத் திறக்கும் முன் மகள் பேசினாள். "ஐயா, சாபை நாங்கள்லா ஓட்டுப் போட்டு வச்சோம். அம்மா வெயில்ல லைன்ல நின்னு கால் வீங்கி வந்தாவ. ஆண்டவர் வச்சாருன்னா எங்க கையாலதான வச்சாரு? வச்ச கை கேள்வி கேக்கக் கூடாதா?"

"வாயப் பாத்தியளா?" என்றார் செக்ரட்டரி, ஐயரைப் பார்த்து. ரிட்டயர் ஆன பிறகு கோயிலே கதி என்று கிடக்கிற மனிதர் அவர். "எம்மா, நாம சிறுபான்மை. தலையக் குனிஞ்சு போனாத்தான் கோயில் நிக்கும்."

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயப்படக் காரணம் இருக்கிற காலம்தான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் மான்குர்த்தில் எங்கள் வாலிபர்கள் துண்டுப்பிரசுரம் கொடுப்பதைச் சிலர் தடுத்தபோது, இதே ஐயர் மைக்கைப் பிடித்து, பேசுகிற உரிமை அரசியல் சட்டம் கொடுத்தது, அதைப் பறிக்க எவனுக்கும் அதிகாரமில்லை என்று முழங்கினார். நாங்கள் அட்டை பிடித்து ஊர்வலம் போனோம். இதே செக்ரட்டரிதான் முன்வரிசையில் கோஷம் போட்டார். பிரசங்கம் பண்ணுகிற வாய்க்கு உரிமை உண்டு, கட்டரைப் பற்றிக் கேட்கிற வாய்க்குக் கிடையாது என்று எந்த வேதத்தில் படித்தார்களோ.

கடைசியில் செக்ரட்டரி நிபந்தனையைச் சொன்னார். அடுத்த ஞாயிறு கோயிலில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சாப் சிறப்பு விருந்தாளி. ஆராதனையில் ஆளுகிறவர்களுக்காக ஏறெடுக்கும் ஜெபத்தை அன்றைக்கு என் மகள் செய்ய வேண்டும். சாபின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஓலை வாசிக்கப்படும்.

"மன்னிப்பு கேக்கச் சொன்னா பொம்பளப் பிள்ளைக்கு அசிங்கம். ஜெபம்னா யாருக்கும் உறுத்தாது பாருங்க" என்றார், எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டவர் மாதிரி. ஆண்டவரிடம் பேசுகிற பேச்சைக்கூட அரசியல்வாதியின் காலில் கொண்டுபோய் வைக்கிறோமே என்கிற கூச்சம் அந்த அறையில் ஒருவர் முகத்திலும் இல்லை. என் மகளுக்கு அப்பா இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு துணிந்திருப்பார்களா என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"இவங்க ஓலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். உல்லாஸ்நகர்க்காரங்க சபையிலயே கேட்டுப் பாப்போம்" என்றேன், வெளியே வந்ததும்.

"எதுக்கும்மா? ஜெபம்தான கேக்காவ. பண்ணுதேன்" என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப் வெள்ளைச் சட்டையில் வந்து, பீடத்துக்குப் பக்கத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் எழுந்தால் எழுந்தார், கை கூப்பினால் கூப்பினார். செக்ரட்டரி தன் கையால் எழுதிய ஜெபத்தை மகளிடம் நீட்டினார். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அங்கிள், எனக்குத் தமிழ் எழுத்து வேகமா வாசிக்க வராது. வாயாலயே பண்ணுதேன்." பம்பாயில் வளர்ந்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு வராது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

மைக்கின் முன்னால் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எங்களை ஆளுகிற சாபுக்காக ஜெபிக்கிறோம். அவருக்கு நல்ல பாதங்களைத் தாரும். எங்க சந்துத் தண்ணில அவரு ஒருநாளாவது நடக்க உதவி செய்யும்."

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஜெபிக்கிறவர் ஒரு விண்ணப்பத்தை முடித்து நிறுத்தினால், சபை முழுவதும் "கர்த்தாவே, கேட்டருளும்" என்று சொல்லும். விண்ணப்பம் என்ன என்று காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்தினால் வாய் சொல்லிவிடும். அன்றைக்கும் முந்நூறு பேருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

"அவருக்கு நல்ல காதுகளைத் தாரும். நாங்க கேள்வி கேட்டா ஆள் அனுப்பாம, நேர்ல வந்து கேக்கிற காது."

"கர்த்தாவே, கேட்டருளும்." இந்த முறை சத்தம் கொஞ்சம் குறைந்தது. சிலர் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

"எங்க ஐயருக்காகவும் கமிட்டிக்காகவும் ஜெபிக்கிறோம். ஆளுறவங்களுக்குப் பயப்படுறதுல பாதியாவது உமக்கு இவங்க பயப்படட்டும்."

"கர்த்தாவே, கேட்டருளும்" என்று ஐயரின் குரல் அவர் மைக்கில் கணீரென்று கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போயிற்று. ஒன்றும் புரியாத சாப், "ஆமென்" என்றார். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அசனப் பந்தி வரைக்கும்கூட நிற்கவில்லை. எல்லாரும் ஒரே பந்தி என்ற விருந்தில் சாபுக்கு மட்டும் தனி மேசை. "அந்தப் பொண்ணு என்ன பிரார்த்தனை செஞ்சுது?" என்று அவர் இந்தியில் கேட்க, செக்ரட்டரி கண்ணிமைக்காமல், "உங்களுக்கு நீண்ட ஆயுசு கேட்டுச்சு சாப். நீங்க எங்க பகுதிக்குச் செஞ்சதுக்கெல்லாம் நன்றி சொல்லிச்சு" என்றார். ஐயர் பக்கத்தில்தான் நின்றார். தட்டில் இருந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப் மனங்குளிர்ந்து, தனக்குப் போட்ட சால்வையைக் கழற்றி என் மகள் தோளில் போட்டார். அவள் திகைத்து நிற்கும்போதே நாலு பேர் போட்டோ எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. ஐயர் எங்கள் பக்கம் பார்க்காமலே வாசித்தார்.

மறுநாள் காலையில் சந்து முனைக்கு வந்தோம். அதே தண்ணீர், பேனர் கட்டும் அதே கம்பம். பேனர் மட்டும் புதிது. சாபுக்குப் பக்கத்தில் சால்வையோடு என் மகள். அவள் முகத்துக்குக் கீழே, சாபின் சேவைக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் நன்றி என்று மராத்தியிலும் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். வாயை அடைத்திருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. அவள் வாயை எடுத்துத் தங்கள் பேச்சைப் பேசவைத்துவிட்டார்கள். நான் அந்தத் தண்ணீரிலேயே காறித் துப்பினேன்.

மகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. நான் பேசுனா நிறுத்திருவாவ. நீங்க பேசுங்க. ஒங்க கல்யாணம்தான் எப்பவோ முடிஞ்சுபோச்சே."

எனக்கு இனி எதை நிறுத்துவார்கள்? கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டார்கள், அவ்வளவுதான். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பேனர் தெரிகிற மாதிரி தண்ணீருக்குள் இறங்கி நின்று, முதலில் என் பெயரைச் சொன்னேன்.