கலன் கதவில் ஒரு பொட்டு

இரும்பின் மேல் லேசர் துடிப்பை அடித்து, உள்ளே ஓடித் திரும்பும் அதிர்வலையை அளந்து, விரிசல் உண்டா என்று சொல்வது என் தொழில், சந்தேகப்படத்தான் சம்பளம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக ஏறி இறங்கும் அன்பர்களே, ஊர் நம்மை எவ்வளவு சந்தேகப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

தொடாத வைத்தியம்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் பெரிய கலனைச் சோதிக்கப் போயிருந்தேன். அதன் கதவைத் திறந்து மூடுபவர் முனியாண்டி. நாள் முழுக்க அந்தக் கதவுக்கு நேரே நிற்பவர். நான் தள்ளி நின்று கருவியைக் குறிவைப்பதை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்ன வந்தவரு பசை தடவித் தேச்சுப் பாத்தாரு. நீங்க கிட்டவே வர மாட்றீங்க. டாக்டரே தொட்டுத்தான் பாக்குறாரு லா!"

புதுச் சட்டை

கலன் முழுக்கப் புது சில்வர் பெயின்ட். வாடைகூடப் போகவில்லை. லேசர் பட்டதும் பெயின்ட் பொசுங்கி, திரையில் அலை மலைபோல எழுந்தது. அதில் சின்ன விரிசலின் எதிரொலி அமுங்கிப்போகும். சோதனைக்கு முன்பு அவசரமாகப் பெயின்ட் அடிக்கும் ஆலையை நான் நம்புவதில்லை. பற்றவைத்த இடங்களையெல்லாம் சுரண்டச் சொன்னேன். மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது.

"போன தடவ வந்தவரு, புதுசு மாதிரி இருக்குன்னு பாராட்டிட்டுல்ல போனாரு!"

குனிந்தால் தெரியும் குங்குமம்

கதவு விளிம்பில், கீலுக்குப் பின்னால், சந்தனமும் குங்குமமும். இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம்தான். அதன் மேல் லேசர் அடிக்க யாருக்கும் கை வராது. ஆனால் பொட்டை எல்லாரும் பார்க்கிற இடத்தில்தானே வைப்பார்கள்? வைத்தது முனியாண்டி என்றார்கள். மனிதர் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

"அண்ணே, இத அழிக்கலாமா?" என்றேன். அவர் தோள் துண்டை நனைத்துத் தானே துடைத்தார். அடியிலிருந்த பெயின்டையும் சுரண்டினார். அடித்தேன். அலை மறுபக்கம் போய்ச் சேராமல் பாதியிலேயே திரும்பிவிட்டது. மறுபடி அடித்தேன். அதேதான். விரிசல், அவர் நிற்கும் இடத்துக்கு நேரே.

கலனை நிறுத்த வைத்தேன். மேனேஜர் முனியாண்டி மேல் பாய்ந்தார்: "தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

"கதவு சாத்துறப்ப இங்க ஒரு முனகல் கேக்குதுன்னு மூணு தடவ சொன்னேன், சார். பெயின்ட் அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். அதுக்கு மேல சாமிகிட்டத்தானே சொல்லணும்?"

அறிக்கையில் 'கண்டறிந்த முறை' என்ற கட்டத்தில் லேசர் என்றுதான் எழுதினேன். குங்குமத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.