மச்சான் கட்டிய பொலித்தீன் கூடாரம்

ஐந்தாம் வகுப்புவரைதான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போனேன். பேனாவைவிடச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த காலம் அதிகம். எழுத்துக் கோணலையும் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

மகளைப் பெண் பார்க்கக் கஹவத்தை டவுனிலிருந்து வருகிறார்கள் என்றதும், எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒற்றை அறையான லயத்துக் காம்பரா என்பதே தெரியக் கூடாது என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். கூரை ஒழுகுவதைத் தோட்டத்து ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கூரையை மாற்ற முடியாதவள் வாசலை மாற்றினாள். எம்பிலிப்பிட்டியிலிருந்து அந்தூரியம், மணி பிளான்ட், குட்டிக் கள்ளி எல்லாம் பஸ்ஸில் அவள் மடியில் உட்கார்ந்து வந்தன. நான் நின்றுகொண்டு வந்தேன். அதன்பிறகு பீலியிலிருந்து நான் சுமந்து வரும் தண்ணீரில் முதல் குவளை அவற்றுக்கு.

அந்த நேரம் பார்த்துக் கதிர்காம நேர்த்திக்கடனும் வந்தது. குடும்பத்தோடு ஒரு வாரம் போனால் செடிகளை யார் பார்ப்பது? மனைவியின் அண்ணன், என் மச்சான், முன்வந்தார். தோட்டத்து நாற்றுப் பண்ணையில், எங்கள் பேச்சில் தவறணையில், தேயிலைக் கன்று வளர்ப்பவர். உலகத்துப் பச்சையெல்லாம் தன் கைப்பட்டது என்று நினைப்பு.

"தண்ணி ஊத்த ஆள் எதுக்கு மச்சான்? தவறணையில ஒரு தடவ நல்லா நனைச்சு பொலித்தீன் போட்டு மூடினா, வாரக்கணக்குல திறக்கவே மாட்டோம். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

வாசலில் மூங்கிலை வளைத்து, பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்தார். தவறணைக்கு மேலே நிழல் பந்தல் இருக்குமே, இங்கே வெயில் நேரே அடிக்குமே என்று நினைத்தேன். அதைச் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் நான் எப்போதோ கங்காணி ஆகியிருப்பேன்.

கதிர்காமத்தில் மனைவி மகளுக்காகக் கொஞ்சமும் கள்ளிக்காக நிறையவும் வேண்டிக்கொண்டாள்.

திரும்பி வந்து பொலித்தீனைத் தூக்கினால், இடியப்பச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. கள்ளி கூழாகக் கிடந்தது. அந்தூரியம் அவித்த கீரை. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "தேயிலைனா தாங்கியிருக்கும்" என்றார். குற்றம் செடிகள்மேல்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். சம்பந்தமே போய்விட்டது என்று மனைவி அழுதாள். மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. விடிவதற்குள் தவறணையில் கழித்துப் போட்ட தேயிலைக் கன்றுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வாசல் இஸ்தோப்புத் தாழ்வாரம் முழுக்க அடுக்கிவிட்டார். லயத்தை மறைக்கக் கேட்டோம், தேயிலை மலையே வீட்டுக்கு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி அப்படியே நின்றார். "இதப் பாக்கக் கூடாதுனுதானே கொழுந்து பறிச்ச கூடைய போட்டுட்டு டவுனுக்குப் போனேன்" என்றார்.

மனைவி வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் சொன்னாள். கள்ளி கூழான இடம் வந்ததும் அந்த அம்மா சிரிப்புத் தாங்காமல் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டு வாசல்லயும் பூச்சாடி வரிசையா இருக்கு தங்கச்சி. எல்லாம் பிளாஸ்டிக்கு. ஊர் மெச்ச வச்சிருக்கேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க."

பிறகு என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். புறப்படும்போது என் மனைவியைச் சம்மந்தி என்றார்.

மச்சான் மட்டும், தன் கன்றுகளைப் பார்த்து மயங்கித்தான் சம்மதித்தார்கள் என்று இன்னும் தோட்டமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எழுதி முடித்தது, கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள்.