சல்காவின் பூரிப்பு

காலையில் கடை திறந்ததும் சல்கா முதலில் செய்வது, வலது காலின் வெள்ளித் தண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது. இப்போது அது சுற்றுவதில்லை. சதையில் பதிந்து கிடக்கிறது. அறுத்தெடுக்கவா என்று கேட்ட வெள்ளிக் கொல்லனை விரட்டிவிட்டாள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

பாலைவன நகரமான நவாக்சோத்தின் சந்தையில் அக்காளும் தங்கையுமாக, பெண்கள் உடம்பைச் சுற்றி உடுத்தும் மெலஃபா துணி விற்கிறார்கள். வாங்க வருகிறவள் தொடலாம், பிரிக்கக் கூடாது. பிரித்தால் சல்கா வெடுக்கென்று பிடுங்கி மடித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சுள்ளி என்று பட்டப்பெயர். ஒல்லியானவளை இந்த ஊர் எங்கே மதித்தது? உள்ளே இரண்டு பாவாடை கட்டித்தான் இத்தனை காலம் ஆளைப் பெருக்கிக் காட்டினாள்.

இந்த வருஷம் முகம் நிறைந்துவிட்டது. வருகிற பெண்களெல்லாம் சதை போட என்ன மாத்திரை என்று காதோடு கேட்கிறார்கள். முட்டிவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கி வருஷக்கணக்காக விழுங்குவதைத் தவிர சல்காவுக்கு வேறு மாத்திரை கிடையாது.

தங்கை தெஸ்லெமுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்களுக்குக் கன்னம் மட்டும்தான் தெரிகிறது. காலையில் இமை வீங்கிக் கண் திறக்காததும், சாயங்காலம் செருப்பு நுழையாததும், உடம்பெல்லாம் சொறிவதும் யாருக்குத் தெரிகிறது? சிறுநீரில் நுரை அடங்குவதேயில்லை. தேநீர் இரும்பாய்க் கசக்கிறதென்று அக்காள் கெண்டியை மாற்றினாள். சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொன்னால், கண் பட்டுவிட்டது என்று தாயத்துக் கட்டிக்கொள்கிறாள். எதிர்க்கடை மெஹ்லாவும் இப்படித்தான் பூரித்தாள். ஊரே மெச்சியது. ஒருவராவது ரத்தம் சோதிக்கச் சொன்னார்களா? போன வருஷம் அடக்கம் செய்தார்கள்.

நேற்று நாத்தனார் லெம்னெயா வந்து, அண்ணிக்கு இப்போதுதான் பெண்ணுக்குரிய களை வந்திருக்கிறது என்றாள். தெஸ்லெம் தேநீர்த் தட்டை நகர்த்தினாள். அக்காளின் காலை மடியில் இழுத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்தது.

"எல்லாரும் டீயக் குடிங்க, முடிக்கிறதுக்குள்ள இந்தப் பள்ளம் மேல வருதான்னு பாப்போம். சதைன்னா உடனே மேல வரும். இது தண்ணி, அக்கா."

"வாயக் கழுவுடி. இத்தன வருசம் சுள்ளின்னாங்க, இப்பத்தான் ஆளாயிருக்கேன். பொறுக்கலையா உனக்கு?"

"மெஹ்லாவையும் மெச்சி மெச்சித்தான் குழியில எறக்குனாங்க. உன்னை நான் விடமாட்டேன்."

லெம்னெயா ஏதோ கல்யாணப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். குவளைகள் காலியாயின. பள்ளம் அப்படியே இருந்தது. சல்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வெள்ளிக் கொல்லன் கடை வந்தது. சல்கா நின்றாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்டை போட்ட காலை அவன் முன்னால் நீட்டினாள்.