கனவில் வந்த சண்டைக் காட்சி

ஒனிஹங்காவில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் என்னோடு நிற்பவள் ஹொங்கொங்கில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணம். எங்கள் தமிழ் வானொலியில் வாராவாரம் புதுப் படங்களைப் பற்றிப் பேசுவது நான்தான் என்று அறிந்ததும், தன்னையும் ஒரு படத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். பெரிய நடிகர் ஒருவரின் தமிழ்ப் படம் வந்திருந்தது. நம்மவர்கள் நிறைய வாழும் பாபடோயிட்டோய்ப் பக்கத்துக் குடும்பங்களால் தியேட்டர் நிரம்பி, விசில் பறந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் அந்தச் சண்டை. கதாநாயகன் கட்டடத்தைச் சுற்றிய மூங்கில் சாரத்திலிருந்து முதுகுப்புறமாக விழுகிறான். கம்புகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. பச்சை வலையைப் பிடித்துத் தொங்கி, வலை கிழிந்து, கீழே மீன் கடையின் சிவப்பு விளக்குகளை உடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டிக்குள் போய் விழுகிறான். சனம் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். அவள் நகம் பதிய என் கையைப் பிடித்தாள்.

“அது என் அப்பா,” என்றாள்.

காரில் ஏறியதும் கைபேசியில் தன் மொழியான கன்டனீஸில் வந்த ஒரு பழைய படத்தைத் தேடிக் காட்டினாள். அதே சாரம். அதே வலை. அதே விளக்குகள். ஹொங்கொங் சந்தையில் அந்தச் சிவப்பு விளக்குகள் எல்லாக் கடையிலும் தொங்குமாம். நம் படத்தில் வரும் சென்னை மீன் சந்தைக்கு அவை எப்படி வந்தன என்று யோசிக்கக்கூடப் படம் எடுத்தவர்களுக்கு நேரமில்லை. அன்று விழுந்தது அந்தப் படத்தின் நடிகரல்ல, அவருக்குப் பதிலாக இவளுடைய அப்பா. இடுப்பெலும்பு நொறுங்கியது. படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் அவர் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்து நம் படத்தின் சண்டைப் பயிற்சியாளர் கொடுத்த பேட்டியைப் பார்த்தேன். அந்தக் காட்சி தனக்குக் கனவில் வந்ததாம். சின்ன வயதில் நான் வாய் பிளந்து பார்த்த சண்டைகளில் எத்தனை ஹொங்கொங்கிலிருந்து வந்தவை, யார் யாருடைய எலும்பு முறிந்து வந்தவை?

சனிக்கிழமை பிளாக்ஹவுஸ் பேயிலுள்ள அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கன்டனீஸ் மட்டும்தான், மகள் மொழிபெயர்த்தாள். நான் கைபேசியில் காட்டிய நம் படத்துக் காட்சியைக் கண் எடுக்காமல் பார்த்தார்.

“பையனுக்கு அடிபட்டதா?”

“இல்லை. வயர் கட்டி இறக்கினார்களாம்.”

“நல்லது. எங்களுக்கு வயர் கட்ட நேரமே இருக்காது. அவ்வளவு படங்கள் எடுத்தார்கள். காலையில் ஒரு படத்தில் சாவேன், பின்னேரம் இன்னொன்றில் சாவேன்.” பெருமையாகத்தான் சொன்னார். “எங்கிருந்து எடுத்தது என்று சொன்னார்களா?”

கனவு விஷயத்தைச் சொன்னேன். மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அவர் கைத்தடியால் தரையில் இடித்தார்.

“கனவா? அப்படியானால் என் இடுப்பில் இருக்கிற இரும்பு யாருடையது?”

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் வானொலியை நடத்துபவரைக் கண்டு, இதை நிகழ்ச்சியில் பேசப் போகிறேன் என்றேன்.

“உதெல்லாம் ஏன் தங்கச்சி? சனம் சந்தோசமாப் பாக்குது. ஆர்தான் கொப்பி அடிக்கேல்லை? விழுந்த அந்தாள் தமிழ் ரேடியோ கேக்கப் போறாரே?”

“அவருக்கு விளங்காது. எங்கட ஆக்களுக்கு விளங்கும்தானே? எங்கட பாட்டை வேற ஆரும் களவெடுத்தா நீங்கள் எப்பிடிக் குதிப்பியள்?”

“நிகழ்ச்சியில உதைக் கதைக்க வேண்டாம். அவ்வளவுதான்.”

கதைத்தேன். சாரத்தையும் விழுந்தவரையும் கனவுப் பொய்யையும் சொன்னேன். விழுந்தவருடைய பெயரைச் சொன்னபோது கோபத்தில் குரல் உடைந்தது. அடுத்த வசனம் முடிவதற்குள் அதே படத்தின் பாட்டைப் போட்டு என்னை வெட்டினார்கள். கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கும்படி செய்தி வந்தது. என் இடத்தில் இப்போது வேறொருவர் பேசுகிறார். அந்தப் படத்தை வானளாவப் புகழ்ந்தார்.

திங்கட்கிழமை, அப்பா கேட்டாரா என்று அவளிடம் விசாரித்தேன்.

“கேட்டார். பெயரைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. அதையும் பிழையான ராகத்தில் சொல்லிவிட்டாயாம்; எங்கள் மொழியில் ராகம் மாறினால் வேறு சொல்லாகிவிடும். கோபமாக இருக்கிறார்.”

“சரியாகச் சொல்லித் தரச் சொல்லு,” என்றேன். “நான் இன்னும் பல இடத்தில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.”